சேறு செய்கிற வேலை

இந்த மாதம் தபாலில் வந்ததைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் குட்டை, குளம், ஓடை பற்றிய கேள்விகள்தான். முப்பது வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களோடு இருந்தவள் என்பதால், ஆசிரியர் குழு மொத்தக் கட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துல எங்க ஊர்க் குட்டைக்குக் குழாய் வழியா தண்ணி வந்துச்சு. பதினஞ்சு வருஷமா அதுல தண்ணியே நின்னதில்லை. ஊரே போய்ப் பூத்தூவிக் கும்பிட்டோம். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ஓரமா குமிழ் குமிழா வருது. காலை வெச்சா சாக்கடை வாடை அடிக்குது. தண்ணியும் பச்சையா மாறிருச்சு. நல்ல தண்ணியை வாங்கி நாங்களே கெடுத்துட்டமுங்களா?
(விவசாயி, அவினாசி வட்டம்)

பதில்: கெடுக்கவில்லைங்க. பதினைந்து வருஷம் தூங்கிய குட்டை எழுந்து வேலையைத் தொடங்கியிருக்கிறது.

அந்தக் குட்டைக்குள் இத்தனை வருஷமாக என்னென்ன சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காய்ந்த புல், சீமைக்கருவேலங்காய், ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், காற்று கொண்டுவந்த சருகு. அத்தனையும் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. காய்ந்த மண் திடீரென்று நனைந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் பெருகி, கரியமில வாயுவையும் சத்துக்களையும் வெளியே விடும். கென்யாவில் மண் ஆராய்ச்சி செய்த பர்ச் என்பவர் 1958இல் இதை அளந்து எழுதினார். அதனால் இன்றும் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். உங்கள் தண்ணீர் பச்சையானது இதனால்தான். மண்ணிலிருந்து கரைந்து வந்த தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பாசி தின்று பெருகியிருக்கிறது.

குமிழியின் கதை கொஞ்சம் நீளம். வீட்டிலேயே செய்து பார்க்கிற மாதிரி சொல்கிறேன். பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றில் பாதிக்குக் குட்டைச் சேறும், மேலே குட்டைத் தண்ணீரும் ஊற்றி ஜன்னல் ஓரம் வையுங்கள். நாலைந்து நாளில் சேற்றின் மேல்பரப்பில் பழுப்பு நிறத்தில் ஓர் ஏடு தெரியும். பால் ஏட்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று இருக்கும். பிராணவாயு அந்த ஏடு வரைக்கும்தான் இறங்குகிறது. அடியில் இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அது கிடைக்காது. ஆனாலும் அவை சாப்பிட்டாக வேண்டும். அதற்காகப் பிராணவாயுவுக்குப் பதிலாக முதலில் நைட்ரேட் என்கிற நைட்ரஜன் உப்பை எடுத்துக்கொள்ளும். அது தீர்ந்தால் மாங்கனீசு, இரும்புத் துரு. அதுவும் தீர்ந்தால் கந்தக உப்பு. நீங்கள் சொல்கிற சாக்கடை வாடை இந்தக் கட்டத்தில் வருவது. இரும்பும் கந்தகமும் சேர்ந்துதான் சேற்றைக் கறுப்பாக்குகின்றன. அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் தடவி வைத்தால், காற்றுப் படப்படக் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். என் பேத்திக்கு இதைக் காட்டியபோது தட்டை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுகிறவை மீத்தேன் விடுகிற நுண்ணுயிர்கள். சாண எரிவாயுக் கலத்துக்குள் நடக்கிற அதே வேலைதான் குட்டையின் அடியிலும் நடக்கிறது. இத்தாலியில் வோல்டா என்ற அறிஞர் 1776இல் மஜோரே ஏரியின் ஓரச் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். நீலமாக எரிந்தது. மின்சாரத்தை நாம் வோல்ட் என்று அளப்பது அவர் பெயரால்தான்.

இதில் கவலைப்பட ஒரு விஷயம் உண்டு. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆழமான தண்ணீரில் மீத்தேன் மெல்லக் கரைந்து மேலே ஏறும்போது, அதைத் தின்கிற வேறு பாக்டீரியாக்கள் வழியிலேயே பிடித்துவிடும். ஆழமில்லாத குட்டையில் குமிழியாகக் கிளம்பினால் பிடிக்க நேரமில்லை. நேராக வானத்துக்குப் போய்விடும். அதனால் தண்ணீர் வரும் முன்பே சீமைக்கருவேலத்தையும் புல்லையும் வெட்டி வெளியே எடுப்பது நல்லது. இந்த வருஷம் அது தவறிவிட்டது, பரவாயில்லை. அடுத்த முறை குட்டை வற்றும்போது வட்டாட்சியர் அனுமதி வாங்கி வண்டல் எடுங்கள். அதற்குள் கோழிக் கழிவோ சாக்கடையோ சேராமல் பார்த்துக்கொண்டாலே குமிழி வருஷா வருஷம் குறையும். பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சி 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. 2024 ஆகஸ்டில்தான் திட்டம் தொடங்கியது. உங்கள் ஊரில் நடப்பது பல ஊர்களில் நடக்கும். பக்கத்து ஊர்க்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ரெண்டு மூட்டைக்கு மேல் யூரியா போடுகிறோம். பயிர் அவ்வளவையும் எடுக்காது என்று வேளாண் அலுவலர் சொன்னார். மீதி எங்கே போகிறது?
(நெல் விவசாயி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன். அதாவது ஒரு மூட்டைக்கு இருபது கிலோ சொச்சம். நெல் வயலில் பயிர் எடுப்பது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. கொஞ்சம் அமோனியாவாகக் காற்றில் போகும். வெயில் நேரத்தில் நின்ற தண்ணீரின் மேல் தூவினால் இந்த நஷ்டம் அதிகம். கொஞ்சம் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு இறங்கி வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோ போகும்.

இன்னொரு பங்கு போகிற வழிதான் விசேஷமானது. முன் பதிலில் சொன்ன பழுப்பு ஏடும் கறுப்புச் சேறும் உங்கள் வயலிலும் உண்டு. ஏட்டில் பிராணவாயு இருப்பதால் அமோனியா அங்கே நைட்ரேட்டாகிறது. அந்த நைட்ரேட் கறுப்புக்குள் இறங்கியதும் பாக்டீரியாக்கள் அதைச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடுகின்றன. காற்றில் 78 சதவீதம் இருக்கிற அதே வாயுதான். தொழிற்சாலையில் காற்றிலிருந்து பிடித்து உரமாக்கியதை, சேறு திரும்பவும் காற்றிலேயே விட்டுவிடுகிறது. இதில் சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக நழுவும். அது மீத்தேனைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

இதே வேலை உங்கள் வயலில் நடந்தால் நஷ்டம், வயலுக்குக் கீழே இருக்கிற வடிகால் ஓடையில் நடந்தால் லாபம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும் என்பதால் வைத்த அளவு அது. உங்கள் வயலிலிருந்து வடிகிற நைட்ரேட், பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போகும் முன் நின்று வாயுவாகிப் போவதற்குக் கொஞ்சம் சேறும் கோரையும் வேண்டும். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். 2015இலிருந்து எல்லா யூரியாவும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அதன் நோக்கமே இந்த மாற்றத்தை மெதுவாக்குவதுதான். வடிகால் ஓரத்துக் கோரையை மருந்தடித்துச் சாகடிக்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்னால் போகும் ஓடையில் சேறு, புல், கொசு. இரண்டு பக்கமும் அடியிலும் கான்கிரீட் போட்டால் சுத்தமாகிவிடும் என்று தெருவில் எல்லோரும் மனுக் கொடுக்கிறோம். நீங்களும் ஒரு வரி ஆதரித்து எழுத வேண்டும்.
(குடியிருப்பு வாசி, ஈரோடு)

பதில்: ஆதரித்து எழுத என்னால் முடியவில்லை, மன்னிக்க வேண்டும். சாக்கடைக் குழாயை ஓடையில் விடுவதை நிறுத்தச் சொல்லி மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

ஓடை சுத்தமாவது சேற்றில்தான். தண்ணீர் வளைந்து வளைந்து, கல்லில் மோதி, மணலுக்குள் இறங்கி வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் மேலே சொன்ன ஏட்டைத் தொட்டுவிட்டு வருகிறது. அதற்கு நேரம் வேண்டும், தொட மண் வேண்டும். கான்கிரீட் இரண்டையும் எடுத்துவிடும். மேலே ஊற்றியது அப்படியே கீழே போய்ச் சேரும். உங்கள் தெரு பளிச்சென்று இருக்கும், உங்களுக்குக் கீழே காவிரியோரம் இருக்கிறவர்கள் உங்கள் தெருவைக் குடிப்பார்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஒரே ஓடையில் மூன்று இடத்தில் மாதிரி எடுப்பது வழக்கம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே புங்கமரம் சாய்ந்து கிடந்து தண்ணீர் தேங்கிய ஒரு மடு. மூன்றாவது பாட்டிலில் நைட்ரேட் எப்போதும் குறைவாக இருக்கும். ஒரு வருஷம் ஓடையைச் சீர் செய்கிறோம் என்று மரத்தை இழுத்துப் போட்டு மடுவை நிரவிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு. பாட்டில் மாற்றி எடுத்துவிட்டேனோ என்று மறுநாளும் போய் எடுத்துவந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 72 ஓடைகளில், கண்டுபிடிக்கத்தக்க அடையாள நைட்ரஜனை விட்டு அளந்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. நைட்ரேட் கூடக்கூட ஓடை அதை அகற்றும் திறன் குறைந்துகொண்டே போகிறது என்று தெரிந்தது. நாலு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் நாற்பது பேருக்கு உலை வைத்தால் வேகாது. அதனால் சேற்றை மட்டும் காப்பாற்றினால் போதாது, சாக்கடையையும் நிறுத்தியாக வேண்டும். கொசுவுக்கு: தேங்கிய சாக்கடையில் வருவதுதான் அதிகம். மீனும் தட்டானும் இருக்கிற ஓடையில் கொசுப்புழு அவ்வளவு சுலபமாகத் தப்பாது.

கேள்வி: டீச்சர், ஓடையில் விழுகிற இலை கடைசியில் எங்கே போகும்? எங்கள் அறிவியல் டீச்சர் மக்கிவிடும் என்றார். மக்கி எங்கே போகும்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, காங்கயம்)

பதில்: கண்ணு, நான் டீச்சர் இல்லை. ஆனால் உன் கேள்விக்காக அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன். 'மக்கி எங்கே போகும்' என்று இரண்டாவது கேள்வி கேட்டாயே, அதுதான் சரியான கேள்வி.

இப்படிச் செய்து பார். வெங்காயம் வாங்குகிற வலைப்பை ஒன்று எடு. அதில் ஒரு கைப்பிடி உதிர்ந்த புங்க இலை போட்டு, கல் கட்டி, வருஷம் பூராவும் ஓடுகிற வாய்க்காலிலோ ஓடையிலோ அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இறக்கு. இன்னொரு பொட்டலத்தை மெல்லிய நைலான் துணியில் கட்டிப் பக்கத்திலேயே வை. முதல் ஓரிரு நாளில் இலைகளிலிருந்து டீத்தண்ணீர் மாதிரி சாறு இறங்கும். அதில் கரைந்திருக்கிற சர்க்கரையைத் தண்ணீரில் இருக்கிற பாக்டீரியா உடனே தின்றுவிடும். இரண்டு வாரத்தில் இலையைத் தொட்டால் வழவழவென்று இருக்கும். அது பூஞ்சை. ஓடையில் வாழ்வதற்கென்றே சில பூஞ்சைகள் உண்டு. அவற்றின் விதைத்தூள் நாலு கை விரித்த நட்சத்திரம் போல இருக்கும், ஓடுகிற தண்ணீரில் இலையைப் பிடித்துக்கொள்வதற்கு வசதியாக. இங்கிலாந்தில் இங்கோல்ட் என்பவர் ஓடை நுரையை உருப்பெருக்கியில் பார்த்து 1942இல் இவற்றைப் பற்றி எழுதினார்.

ஒரு மாதம் போனதும் இரண்டு பையையும் வெளியே எடு. துணிக்குள் இருந்த இலை மெலிந்திருக்கும், ஆனால் இலை மாதிரியே இருக்கும். வலைப்பையில் இருந்தது ஓட்டை ஓட்டையாகி, நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடையாக வரும். புழுக்கள் உள்ளே புகுந்ததுதான் வித்தியாசம். மணலும் சருகுத் துண்டும் ஒட்டித் தனக்கு ஒரு குழல் வீடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிற புழு ஒன்று உண்டு. இருந்தால் உற்றுப் பார். அது வெறும் இலையைவிடப் பூஞ்சை பிடித்த இலையைத்தான் விரும்பித் தின்னும். நாம் வெறும் ரொட்டியைவிட வெண்ணெய் தடவியதை விரும்புகிறோம் இல்லையா, அப்படி.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. இலையில் இருந்த கார்பனில் ஒரு பங்கு புழுவின் உடம்பாகிறது. புழுவை மீன் தின்னும், மீனைக் கொக்குத் தின்னும். இன்னொரு பங்கு, தின்றவை எல்லாம் மூச்சு விடும்போது கரியமில வாயுவாகித் தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகிறது. கொஞ்சம் குளத்தடியில் புதைகிறது. மிச்சம் கடலுக்கு. உலகம் முழுவதற்கும் 2007இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நிலத்திலிருந்து ஆறு, ஏரிகளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 190 கோடி டன் கார்பன் போகிறது. அதில் கடலுக்குப் போய்ச் சேருவது பாதிதான், 90 கோடி டன். வழியிலேயே 80 கோடி டன் காற்றில் ஏறிவிடுகிறது, 20 கோடி டன் சேற்றில் தங்கிவிடுகிறது. பிறகு வந்த கணக்குகளில் காற்றில் ஏறுவது இன்னும் அதிகம் என்றே வந்திருக்கிறது. அதுவரை ஆறு என்றால் இலையைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் என்று நினைத்திருந்தவர்களுக்கு, ஆறு தானே தின்று தானே மூச்சு விடுகிறது என்று புரிந்தது.

இலையில் இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படிப் போய்விடாது. புழு கழிவாக விடும். கொஞ்ச தூரம் தண்ணீரோடு போகும். அங்கே ஒரு கல்லில் ஒட்டிய பாசி பிடித்துக்கொள்ளும். பாசி செத்தால் மறுபடி கிளம்பும். சுருண்டு சுருண்டு கீழே இறங்குகிற கம்பிச் சுருள் மாதிரி என்று வைத்துக்கொள். நல்ல ஓடையில் சுருள் நெருக்கமாக இருக்கும், ஒரே சத்தைப் பல உயிர்கள் பல தடவை பயன்படுத்தும். உன் பையில் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுது.

கேள்வி: வருஷா வருஷம் லட்சக்கணக்கில் செலவு செய்து எங்கள் குளத்தில் ஆகாயத்தாமரையை எடுக்கிறார்கள். மூன்றே மாதத்தில் பழையபடி மூடிவிடுகிறது. தன்னார்வலர்களாக நாங்களும் இறங்கினோம், கை ஓய்ந்துவிட்டது.
(வாசகர், கோவை)

பதில்: கரையில் குவித்துவிட்டுப் போனீர்களா, வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனீர்களா? கரையில் குவித்திருந்தால் அது மக்கி, அடுத்த மழையில் சத்து முழுவதும் குளத்துக்கே திரும்பியிருக்கும்.

இங்கே பாஸ்பரசைப் புரிந்துகொள்ள வேண்டும். நைட்ரஜனுக்குக் காற்றில் போக வழி உண்டு, கார்பனுக்கும் உண்டு. பாஸ்பரசுக்கு அந்த வழியே கிடையாது. குளத்துக்குள் வந்தால் தண்ணீரில் இருக்கும், செடியில் இருக்கும், சேற்றில் இருக்கும். யாராவது தூக்கி வெளியே போட்டாலொழிய வெளியே போகாது. கனடாவில் 226 என்று எண் போட்ட ஏரி ஒன்று இருக்கிறது. ஷிண்ட்லர் என்பவரும் கூட்டாளிகளும் 1973இல் அந்த ஏரியின் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைக் குழம்பாகிவிட்டது. அடுத்த பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் பல நாடுகளில் சட்டத்தை மாற்றியது. சோப்புத்தூளில் பாஸ்பேட் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிராணவாயு இருக்கிறவரை சேற்றின் மேலேட்டில் இருக்கிற இரும்புத் துரு பாஸ்பரசைப் பிடித்து வைத்திருக்கும். ஆகாயத்தாமரை குளத்தை மூடினால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாது. பிராணவாயு தீரும், துரு கரையும், பிடித்து வைத்திருந்த பாஸ்பரசைக் கைவிட்டுவிடும். அதைத் தின்று ஆகாயத்தாமரை இன்னும் வளரும். சாக்கடையை இன்றைக்கே நிறுத்தினாலும், பத்து வருஷமாகச் சேற்றில் சேர்ந்தது கொஞ்ச காலம் வந்துகொண்டே இருக்கும். மனம் தளராதீர்கள். எடுத்ததை வெளியே கொண்டுபோய் உரமாக்குங்கள். குளம் வற்றும்போது மேல் வண்டலை எடுங்கள். நகரக் குளமாக இருந்தால் வயலில் கொட்டும் முன் அதில் கன உலோகம் இருக்கிறதா என்று பரிசோதிப்பது அவசியம். கிராமக் குளமாக இருந்தால் கவலை குறைவு. என் அப்புச்சி சித்திரையில் குளத்து வண்டலை வண்டி வண்டியாகக் காட்டில் கொட்டுவார். "இது போன வருஷம் நம்ம காட்டுல இருந்து போனதுதான், கூட்டியாறேன்" என்பார். பாஸ்பரஸ் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது, கணக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பொழுது ஏறினால் சரியாகிவிடுகிறது. நோயா?
(மீன் வளர்ப்பவர், சத்தியமங்கலம்)

பதில்: நோய் இல்லை, மூச்சுத் திணறல். இன்றைக்கே தீவனத்தைக் குறையுங்கள், விடிய மூன்று மணியிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தெளித்து விடுங்கள்.

பகலில் பாசி பிராணவாயு தரும். ராத்திரியில் பாசியும் மீனும் சேறும் சேர்ந்து அதைத் தின்னும். நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பானது. 28 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழேதான் காற்றிலிருந்து கரையும். அதுவும் ராத்திரியில் தீர்ந்துவிட்டால் விடியும்போது கையிருப்பு இருக்காது. நாங்கள் இதை அளப்பதற்கு 1888இல் விங்க்ளர் கண்டுபிடித்த முறையைத்தான் பயன்படுத்துவோம். பாட்டிலில் தண்ணீரைக் குமிழி இல்லாமல் பிடித்து இரண்டு மருந்து விட்டால், பிராணவாயு இருக்கிற அளவுக்குப் பழுப்பு வண்டல் விழும். ஒரு முறை பெரிய மீன்சாவு நடந்த குளத்துக்கு அதிகாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் மருந்து விட்டுப் பாட்டிலை ஆட்டினேன். விழுந்த வண்டல் பால் மாதிரி வெள்ளை. பழுப்பு துளிகூட இல்லை. கரையில் நின்ற குத்தகைக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். உங்கள் குட்டை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடிகாலை மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள்.

கேள்வி: கொங்கு நாடு வறண்ட பூமி. இங்கே ஈரநிலம், சதுப்பு என்றெல்லாம் பேசுவது பொருந்துமா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: பொருந்தும். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டும் மனிதர் கரை கட்டிய குளங்கள்தான். நமக்கு மேலே நீலகிரிப் புல்வெளிகளின் பள்ளங்களில் கரிச்சதுப்பு இருக்கிறது. அதிலிருந்து மண்ணைத் தோண்டியெடுத்து 20,000 வருஷத்து மழையையும் வறட்சியையும் வாசித்திருக்கிறார்கள். காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடந்ததால் அந்தப் புல்லின் கார்பன் அத்தனை காலமும் மக்காமல் கிடக்கிறது. வடிகால் வெட்டிக் காய விட்டால் சில பத்தாண்டுகளில் காற்றில் போய்விடும்.

கேள்வி: இத்தனை வேலை செய்கிற சேறும் நாணலும் சாயத் தண்ணீரையும் சுத்தம் செய்யாதா? நொய்யல் ஓரம் நாணல் வளர்த்தால் போதும் என்கிறார்களே?
(கல்லூரி மாணவர், திருப்பூர்)

பதில்: தம்பி, போதாது. நுண்ணுயிரால் தின்ன முடிவது கார்பனும் சத்துக்களும். சாயத்தின் நிறத்தில்கூட ஒரு பங்கை அது உடைக்கும். உப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சாயம் துணியில் ஏறுவதற்காகக் கொட்டுகிற உப்பு, தண்ணீரோடு வந்தால் தண்ணீரோடே இருக்கும். குளத்தில் வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பை வைத்துவிடும். வருஷத்துக்கு வருஷம் கரிப்பு கூடும்.

பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அப்படித்தான் சாயக்கழிவுத் தொட்டியானது. பாசனம் செய்ய வேண்டிய தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்று சொன்னார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் தனியே எடுக்கிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் உப்பை எடுக்க வேண்டிய இடம் அதுதான், ஆறு இல்லை.

எங்கள் அப்பாவின் தோட்டம் நொய்யலுக்குக் கீழ்க்கரையில். தென்னையில் குரும்பை கொட்ட ஆரம்பித்த வருஷம், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். சீட்டில் 'மாதிரி கொடுத்தவர்' என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதினேன். உப்பின் அளவைப் பார்த்துவிட்டு, கருவி சரியில்லையோ என்று துடைத்து மறுபடி வைத்தேன். அதே எண். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "குளத்துல விட்டு வெச்சா தெளியாதா அம்மிணி?" தெளியாதுங்கப்பா என்றேன்.

உங்கள் ஊரில் நாணல் வளர்ப்பது நல்ல காரியம், வளருங்கள். வீட்டுச் சாக்கடைக்கு அது உண்மையாகவே உதவும். உப்புக்கு வேறு வேலை இருக்கிறது. ஆற்றோரக் கிணறுகளில் வருஷத்துக்கு இரண்டு தரம், ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒன்று, சித்திரையில் ஒன்று, உப்பின் அளவை எடுத்து, தேதியும் கிணற்றின் தண்ணீர் மட்டமும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையடக்கக் கருவியே போதும். அப்பா அன்றிலிருந்து எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு அதன் முதல் பக்கத்தை நகலெடுத்து உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன்.